படியா, சரிவா? குழந்தைகளின் எடையும் மரண அபாயமும்

அங்கன்வாடி மையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை அளக்கப் பயன்படும் நாடாவில் மூன்று நிறங்கள் உண்டு. அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு; 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. சிவப்பில் விழும் குழந்தை உடனடிச் சிகிச்சைக்கு உரியது. மஞ்சளில் விழுவது கவனிப்புக்கு உரியது. பச்சையில் நிற்கும் குழந்தையைப் பற்றிக் கவலை கொள்வார் இல்லை. நாடாவைக் கையாளும் பணியாளருக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இராது. 11.4 சென்டிமீட்டர் உள்ள குழந்தைக்கும் 11.6 உள்ள குழந்தைக்கும் இடையே இயற்கையே ஒரு கோடு கிழித்திருக்கிறதா, அல்லது அக்கோடு மனிதர் தம் வசதிக்காக இட்டதா?

இக்கேள்வி தர்க்க விநோதமாக எழுப்பப்படுவதன்று. கோடு இயற்கையினுடையது என்றால், கோட்டுக்கு மேல் நிற்கும் குழந்தைக்கு அளிக்கப்படும் கூடுதல் உணவு அதன் உயிரைக் காப்பதற்கு என்று சொல்ல இயலாது. கையிலுள்ள பொருளையெல்லாம் கோட்டுக்குக் கீழே உள்ள சிலருக்கே செலவிடுவது நியாயமாகும். கோடு மனிதர் இட்டது என்றாலோ, மேலே நிற்கும் பெருந்தொகையான குழந்தைகளும் ஓரளவு அபாயத்தில் இருப்பவர்களே. அவர்களை விட்டுவிடும் திட்டம், அறியாமலே பல மரணங்களுக்கு இடம் கொடுத்துவிடும். இந்தியத் துணைக்கண்டத்தில் நடைபெற்ற இரண்டு ஆராய்ச்சிகள் இக்கேள்விக்கு நேர்மாறான விடைகளை அளித்தன. அம்முரண்பாடு தெளிவு பெறப் பதினைந்து ஆண்டுகளுக்கு அருகில் ஆயின. தெளிவைத் தந்தது புள்ளியியல்.

வாசற்படி என்பது என்ன?

ஒரு காரணம் குறிப்பிட்ட அளவை எட்டும்வரை எவ்வித விளைவும் தோன்றாமலிருந்து, அவ்வளவைக் கடந்த பின்னரே விளைவு தோன்றுமாயின், அதனை 'வாசற்படி விளைவு' எனலாம். வாசற்படிக்கு வெளியே ஓர் அடி தள்ளி நிற்பவரும் பத்து அடி தள்ளி நிற்பவரும் வெளியே நிற்பவர்களே. படியைக் கடந்தவர் மட்டுமே வீட்டுக்குள் இருப்பவர். இதற்கு மாறாக, காரணம் சிறிது கூடுந்தோறும் விளைவும் சிறிது கூடுமாயின் அது சரிவு. குளத்தில் படி வழியே இறங்குவதற்கும் ஏரிக்கரைச் சரிவில் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடே இது.

இயற்கையில் வாசற்படிகள் இல்லாமல் இல்லை. கதிர்வீச்சினால் கண்ணில் புரை உண்டாவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டென்று நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வருகிறது. ஆனால் அங்கும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2011-ஆம் ஆண்டில் அவ்வெல்லையை முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைத்து 0.5 கிரே என நிர்ணயித்தது. அதிகம் பேரை அதிக காலம் கண்காணிக்கக் கண்காணிக்க, முன்பு 'விளைவு இல்லை' எனத் தோன்றிய பகுதியிலும் விளைவு தென்படத் தொடங்கியதே காரணம். படி என்று ஒருமுறை எழுதப்பட்டது எக்காலத்துக்கும் அவ்விடத்திலேயே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நாரங்வாலும் மத்லாபும்

எடையைக் கொண்டு குழந்தைகளைத் தரம் பிரிக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தவர் மெக்சிகோ நாட்டு மருத்துவர் பெதரிகோ கோமெஸ். ஒரு குழந்தையின் எடை, அதன் வயதுக்குரிய சராசரி எடையில் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டு, 90, 75, 60 ஆகிய எண்களில் அவர் கோடிட்டார். 60-க்குக் கீழே இருப்பது மூன்றாம் நிலைப் போஷாக்குக் குறைவு. அவரும் அவருடைய சகாக்களும் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்தது. மருத்துவமனைக்கு வந்தவை யாவும் ஏற்கெனவே நோயுற்ற குழந்தைகள் என்பதை மறத்தலாகாது. கிராமத்துத் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் மெலிந்த குழந்தைக்கு அக்கணக்கு அப்படியே பொருந்துமா என்பது அப்போது விடை காணப்படாத கேள்வி.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டில் குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்த பிரிவுகள் 80, 70, 60, 50 ஆகிய எண்களில் கோடிட்டன. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நெடுங்காலம் இப்பிரிவுகளையே கையாண்டது. ஒப்பிடுவதற்குரிய சராசரி எடை அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டது. 'ஹார்வர்டு அளவு' என்பது அதன் பெயர். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு அது ஏறக்குறைய 10 கிலோகிராம். ஆகவே 7 கிலோகிராம் எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை 70 சதவிகிதத்தில் நிற்பதாகக் கொள்ளப்படும்.

பஞ்சாபில் லூதியானாவை அடுத்த நாரங்வால் என்னும் கிராமத்தில், 1960-களின் இடைப்பகுதி முதல் 1974 வரை ஒரு கிராம சுகாதார ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதில் ஒத்துழைத்தன. அதனை முன்னின்று நடத்தியவர் முசூரியில் பிறந்து இந்தியாவிலேயே வளர்ந்த கார்ல் டெய்லர். அந்நிலையத்தின் கிராமங்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒழுங்காக எடையிடப்பட்டனர். இறந்தவர்கள் பதிவு செய்யப்பட்டனர். இக்குறிப்புகளைக் கொண்டு கீல்மன், மக்கார்டு ஆகிய இருவரும் 1978-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் எழுதிய முடிவு இது: ஹார்வர்டு அளவில் 80 சதவிகிதத்துக்குக் கீழே எடை ஒவ்வொரு 10 சதவிகிதம் குறையும்போதும் மரண வீதம் சராசரியாக இரட்டிக்கிறது. அதாவது 70-இல் நிற்கும் குழந்தைக்கு 80-இல் நிற்பதைவிட இரு மடங்கு அபாயம். 60-இல் நிற்பதற்கு நான்கு மடங்கு. இது சரிவு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வங்காள தேசத்திலிருந்து வேறொரு முடிவு வந்தது. டாக்கா நகரில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காலரா ஆராய்ச்சிக்கூடம், மேக்னா நதியை அடுத்த மத்லாப் பகுதியில் 1966 முதல் பிறப்பு இறப்புகளை இடைவிடாது பதிந்து வந்தது. உலகில் இத்தகைய பதிவேடுகள் மிகச் சிலவே. லிங்கன் சென் என்பாரும் அவருடைய சகாக்களும் அப்பகுதியில் 13 முதல் 23 மாத வயதுடைய 2,019 குழந்தைகளை அளந்து, அடுத்த 24 மாதங்கள் கண்காணித்தனர். எடை, உயரம், கைச்சுற்றளவு ஆகிய எதனைக் கொண்டு பார்த்தாலும், கடுமையான குறைவுள்ள குழந்தைகளுக்கு மரண அபாயம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் போதிய போஷாக்குள்ளவர், சிறிது குறைந்தவர், நடுத்தரமாகக் குறைந்தவர் ஆகிய மூவகையினருக்கும் அபாயம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இது வாசற்படி.

இரண்டும் தேர்ந்தவர்களால் பொறுப்புடன் செய்யப்பட்ட ஆய்வுகள். இரண்டும் ஒரே சமவெளியின் இரு கோடிகளில் நடந்தவை. நிர்வாகிகளுக்கு மத்லாப் முடிவு உவப்பாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கடுமையான குறைவுள்ள குழந்தைகள் சிலரே, அவர்களைத் தேடிக் கண்டால் போதும்.

இறப்பைக் கணக்கிடுதல்

குழந்தைகளின் கூட்டத்தை நெடுநாள் கண்காணிக்கும் ஆய்வில், 'நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தனர்' என்னும் எளிய கணக்குப் போதுவதில்லை. எட்டாம் மாதத்தில் தாயுடன் வேற்றூர் சென்றுவிட்ட குழந்தையை இறந்ததாகவும் கொள்ள முடியாது. 24 மாதமும் உயிருடன் இருந்ததாகவும் கொள்ள முடியாது. எட்டு மாதம் வரை உயிருடன் இருந்தது என்பது மட்டுமே உறுதி. அச்சிறு உறுதியையும் வீணாக்காமல் கணக்கில் சேர்க்கும் முறையை 1958-ஆம் ஆண்டில் கப்லான், மெயர் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்டனர். இருவரும் தனித்தனியே கட்டுரை எழுதி ஒரே இதழுக்கு அனுப்ப, இதழாசிரியர் இரண்டையும் ஒன்றாக்கித் தருமாறு கேட்டுக்கொண்டார் என்பது சுவையான செய்தி. அக்கட்டுரை இன்றும் மருத்துவ ஆராய்ச்சியில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று.

அடுத்த பெரிய முன்னேற்றம் 1972-ஆம் ஆண்டில் நேர்ந்தது. டேவிட் காக்ஸ் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர், ஒவ்வொரு கணத்திலும் உயிருடன் இருப்போரிடையே மரணம் நேரும் வேகத்தை 'அபாய வீதம்' எனக் கொண்டு, அதனை இரு பகுதிகளின் பெருக்கலாக எழுதினார். முதற்பகுதி எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. வயதுக்கும் காலத்துக்கும் ஏற்ப எப்படி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், அதன் வடிவத்தை முன்கூட்டி அறிய வேண்டியதில்லை. இரண்டாம் பகுதி அந்தந்தக் குழந்தையின் எடை, வீட்டு நிலை முதலியவற்றைப் பொறுத்த மடங்கு. 'இக்குழந்தையின் அபாயம் அக்குழந்தையினதைப்போல் எத்தனை மடங்கு' என்னும் கேள்விக்கு இம்முறை நேராக விடை தரும்.

இம்முறையில் எடை மாறுந்தோறும் மடங்கு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பல வடிவங்களில் எழுதலாம். எடை ஒவ்வொரு பங்கு குறையும்போதும் அபாயம் ஒரே விகிதத்தில் பெருகும் எனக் கொள்வது சரிவு மாதிரி. ஓர் எண்ணுக்கு மேல் ஒரே அளவு, அதன் கீழே வேறொரு அளவு எனக் கொள்வது படி மாதிரி. ஓர் எண் வரை மட்டமாகச் சென்று, பின் அங்கிருந்து முறிந்து ஏறுவது முறிகோட்டு மாதிரி. எந்த மாதிரி பதிவேட்டிலுள்ள மரணங்களுக்கு நன்கு ஒத்து வருகிறது என்று சோதிப்பதே புள்ளியியலாரின் வேலை. நல்லவர், சிறிது குறைந்தவர், நடுத்தரம், கடுமை என்று முன்னமே நான்கு கட்டங்களில் அடைத்துவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் மரணங்களை எண்ணுவது இச்சோதனையாகாது.

வரைபடம் காட்டும் மாயம்

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க ஒரு சிறு பயிற்சி இங்கே உண்டு. கணக்குக்காக, எடை 100-இலிருந்து ஒவ்வொரு 10 குறையும்போதும் அபாயம் இரட்டிப்பதாகக் கொள்க. 100-இல் அபாயம் 1 எனில், 90-இல் 2, 80-இல் 4, 70-இல் 8, 60-இல் 16, 50-இல் 32. சாதாரணக் கட்டத்தாளில் ஒரு பங்குக்கு அரை சென்டிமீட்டர் வீதம் இதனை வரைந்தால், 100-க்கும் 90-க்கும் இடையே கோடு அரை சென்டிமீட்டர்தான் உயரும். 60-க்கும் 50-க்கும் இடையே 8 சென்டிமீட்டர் உயரும். தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கும் எவரும், 'முதலில் மட்டமாகச் செல்கிறது. 70-க்கு அருகில் திடீரென்று ஏறுகிறது' என்றே கூறுவர். ஆனால் வரைந்த விதியில் திடீரென்று நேரும் மாற்றம் எதுவும் இல்லை. எங்கும் ஒரே இரட்டிப்புத்தான். இதே எண்களின் மடக்கைகளை, அதாவது லாகரிதங்களை, எடுத்து வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். உண்மையில் படி இருக்குமாயின் மடக்கைத் தாளிலும் அது படியாகவே நிற்கும்.

கண்ணை ஏமாற்றுவது தாள் மட்டுமன்று; சிறு தொகையும் ஏமாற்றும். 400 நல்ல போஷாக்குள்ள குழந்தைகளுக்கு ஆண்டில் ஆயிரத்துக்கு 5 மரணங்கள் என்றால் எதிர்பார்க்கத்தக்கவை 2. சிறிது குறைந்த 400 பேருக்கு அபாயம் இரு மடங்கு என்றால் எதிர்பார்க்கத்தக்கவை 4. ஆனால் மரணங்கள் சராசரியை ஒட்டி வரிசையாக நிகழ்பவை அல்ல. முதற்கூட்டத்தில் இரண்டாம் கூட்டத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ மரணங்கள் நேர்வதற்கு, இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால், நூற்றுக்கு 27 பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது அபாயம் உண்மையில் இரட்டித்திருந்தும், நான்கில் ஓர் ஆய்வுக்கு மேல் 'வேறுபாடு இல்லை' என்றே காட்டும். கடுமையான குறைவுள்ளோரின் அபாயமோ மிகப் பெரிதாகையால் சிறு தொகையிலும் தவறாது தென்படும். மேலே வேறுபாடு தெரியாமலும் கீழே தெளிவாகத் தெரிந்தும் போவதால், இல்லாத படி தோன்றிவிடுகிறது. 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதற்கும் 'வேறுபாடு இல்லை' என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. பாடநூல்களில் இது போதிய அளவு வற்புறுத்தப்படுவதில்லை.

மறுபுறத்துத் தவறும் உண்டு. எடைக்கல் சரியில்லாமலோ, குழந்தை துள்ளுவதாலோ, வயது தவறாகச் சொல்லப்படுவதாலோ அளவுகளில் பிழை நேரும்போது, உண்மையான படியும் மழுங்கிச் சரிவைப்போல் தோன்றும். ஆகவே சரிவைக் கண்டவுடன் படி இல்லையென்று தீர்ப்பளிப்பதும் அவசரமாகும்.

படியைத் தேடுவோர் விழும் குழி

எல்லை எங்கே என்று முன்கூட்டித் தெரியாதபோது ஆராய்ச்சியாளர் செய்வது யாது? 60-இல் கோடிட்டுப் பார்ப்பர். பின் 61, 62 என்று ஒவ்வோர் எண்ணிலும் கோடிட்டு, இரு பக்கத்து மரண வீதங்களும் எங்கே மிக அதிகமாக வேறுபடுகின்றனவோ அங்கே எல்லை என்பர். தேடுவதில் குற்றமில்லை. தேடியதை மறைத்து, முதலிலேயே அவ்வெண்ணில் கோடிட்டதைப்போல் முக்கியத்துவச் சோதனை செய்வதில்தான் குற்றம் உள்ளது. பலமுறை காசைச் சுண்டிவிட்டு, நன்றாக விழுந்த ஒரு முறையை மட்டும் கூறுவதற்கு இது ஒப்பாகும். நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொண்ட பிழை வாய்ப்பு, இவ்வாறு சிறந்த எல்லையைத் தேர்ந்தெடுக்கும்போது நூற்றுக்கு 40 வரை உயரக்கூடும் என்பதை ஆல்ட்மன் முதலியோர் 1994-ஆம் ஆண்டில் புற்றுநோய் ஆராய்ச்சிகளைக் கொண்டு எச்சரித்தனர். இச்சிக்கலுக்குரிய கணிதத் திருத்தங்கள் 1977-இல் டேவிஸ் என்பவராலும் 1982-இல் மில்லர், சீக்மண்ட் ஆகியோராலும் வகுக்கப்பட்டிருந்தன. திருத்தம் கிடைத்தும் பலர் அதனைக் கையாளாதது வருந்தத்தக்கது.

நேர்மையான முறை, எல்லைக்கு ஒரே எண்ணைத் தருவதோடு நின்றுவிடாது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை எல்லை இருந்தாலும் புள்ளிவிவரம் ஏறக்குறைய அதே அளவு ஒத்து வருகிறது என்பதையும் கூறும். 'எல்லை 65, ஆயினும் 58 முதல் 84 வரை எங்கும் இருக்கலாம்' என்று ஓர் ஆய்வு கூறுமாயின், எல்லை உண்டு என்பதே அவ்வாய்வுக்குத் தெரியவில்லை என்பது பொருள்.

முரண்பாடு தீர்ந்த விதம்

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெல்லடியர், புரஞ்ஜிலோ, ஹபிக்ட் ஆகியோர், சமூகங்களில் நடத்தப்பட்ட ஆறு தொடர் ஆய்வுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். தனித்தனியே கட்டங்களாகப் பார்ப்பதை விட்டு, வயதுக்குரிய எடைக்கு எதிராக மரண வீதத்தின் மடக்கையை அமைத்துப் பார்த்தபோது, அபாயம் எடை குறையக் குறைய அடுக்கு வேகத்தில் பெருகுவது காணப்பட்டது. வாசற்படி ஒன்றும் தென்படவில்லை. சிறிதும் நடுத்தரமும் ஆன குறைவுகளும் மரணத்தோடு தொடர்புடையவையே எனத் தெளிவாயிற்று.

இதனோடு மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. ஊருக்கு ஊர் கோடுகளின் உயரம் வேறுபட்டது. சாய்வு ஏறக்குறைய ஒத்திருந்தது. நோய்கள் மிகுந்த ஊரில் கோடு மேலே நின்றது. குறைந்த ஊரில் கீழே நின்றது. போஷாக்குக் குறைவும் தொற்றுநோயும் ஒன்றோடொன்று கூடுவதில்லை. ஒன்றை மற்றொன்று பெருக்குகிறது என்பது இதன் பொருள். இவ்விரண்டின் உறவைப் பற்றிக் கார்ல் டெய்லர் 1968-ஆம் ஆண்டிலேயே ஸ்கிரிம்ஷா, கார்டன் ஆகியோருடன் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாயிலாக ஒரு நூல் வெளியிட்டிருந்தார். எடுத்துக்காட்டாக, நன்கு வளர்ந்த குழந்தைகளிடையே ஆயிரத்துக்கு 20 மரணங்கள் நேரும் ஊரில், எடைக்குறைவு அபாயத்தை மும்மடங்காக்குமாயின் குறைந்தவர்களிடையே 60 நேரும். தடுப்பூசியாலும் நல்ல குடிநீராலும் 20 என்பது 10 ஆனால், எடையில் மாற்றமின்றியே 60 என்பது 30 ஆகும். அத்துடன் உணவினால் மும்மடங்கு ஒன்றரை மடங்காகக் குறைந்தால் 15 ஆகும்.

2013-ஆம் ஆண்டில் ஓலஃபின் முதலியோர், ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பத்து ஆய்வுகளிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் குறிப்புகளைச் சேர்த்து அபாய வீதங்களைக் கணக்கிட்டனர். இப்போது ஒப்பீட்டுக்கு ஹார்வர்டு அளவு பயன்படுவதில்லை. 2006-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளும் அவற்றின் திட்ட விலக்கங்களும் பயன்படுகின்றன. சராசரிக்குக் கீழே ஒரு விலக்கத்துக்குள் இருக்கும் குழந்தைகளின் அபாயத்தை 1 எனக் கொண்டால், ஒன்று முதல் இரண்டு விலக்கம் குறைந்தோருக்கு அது ஏறக்குறைய 1.5, இரண்டு முதல் மூன்று விலக்கம் குறைந்தோருக்கு 2.6, மூன்றுக்கும் மேல் குறைந்தோருக்கு 9.4. கடைசித் தாவல் பெரிது. கீழே செல்லச் செல்லச் சரிவு செங்குத்தாகிறது. கடுமையான குறைவுள்ளோரைப் பற்றி மத்லாப் ஆய்வு கூறியது முற்றிலும் சரி. மேலே உள்ள பகுதி மட்டமானது என்பதே நிலைக்கவில்லை.

1.5 என்னும் சிறு எண்ணை அலட்சியம் செய்தல் கூடாது. விளக்கத்துக்காக 10,000 குழந்தைகள் உள்ள ஒரு வட்டாரத்தைக் கற்பனை செய்க. 4,000 பேர் நல்ல எடை. 3,500 பேர் சிறிது குறைவு. 2,000 பேர் நடுத்தரம். 500 பேர் கடுமை. நல்ல எடையுள்ளோரிடையே ஆண்டில் ஆயிரத்துக்கு 10 மரணம் எனில், மேற்கண்ட மடங்குகளின்படி நான்கு பிரிவுகளிலும் முறையே 40, 52 அல்லது 53, 52, 47 மரணங்கள் நேரும். எல்லோரும் நல்ல எடையோடு இருந்திருந்தால் இவை 40, 35, 20, 5 ஆகவே இருந்திருக்கும். மிகையான மரணங்கள் சிறிது குறைந்தோரில் 17 அல்லது 18, நடுத்தரத்தில் 32, கடுமையில் 42. முதல் இரண்டையும் கூட்டினால் கடுமையைவிட அதிகம். நாடாவின் சிவப்புப் பகுதியில் விழும் ஒவ்வொரு குழந்தைக்கும் அபாயம் மிகப் பெரிது. ஆனால் அப்பகுதியில் விழாதவர்களிடையே மிகையாக நேரும் மரணங்களின் மொத்தம் அதனினும் பெரிது.

1995-ஆம் ஆண்டில் பெல்லடியரும் சகாக்களும் 53 வளரும் நாடுகளுக்கு இவ்வாறே கணக்கிட்டபோது, ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணங்களில் நூற்றுக்கு 56 போஷாக்குக் குறைவின் பெருக்கும் சக்தியால் நேர்ந்தவை என்றும், அவற்றுள்ளும் நூற்றுக்கு 83 சிறிதும் நடுத்தரமும் ஆன குறைவால் நேர்ந்தவை என்றும் கண்டனர். 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32.1 பேர் வயதுக்குரிய எடை குறைந்தவர்கள். இரண்டு விலக்கத்துக்குக் கீழே இருப்போர் மட்டுமே இக்கணக்கில் சேர்வர். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நிற்போர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

அவ்வாறாயின் 11.5 சென்டிமீட்டர்க் கோடு எதற்கு?

கோடு பயனற்றது என்று இதனால் கொள்ளுதல் தவறு. 2009-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அதுவரை 11.0 சென்டிமீட்டராக இருந்த எல்லையை 11.5 ஆக உயர்த்தியது. அவ்வளவுக்குக் கீழே அபாயம் மிக அதிகம்; விசேஷச் சிகிச்சை உணவினால் அக்குழந்தைகள் தேறுகின்றனர்; நல்ல போஷாக்குள்ள சமூகங்களில் அப்பிரிவில் விழும் குழந்தைகள் அரிதினும் அரிது, ஆகவே வீண் சிகிச்சைக்கு இடமில்லை. இவை யாவும் சிகிச்சையைப் பற்றிய நியாயங்கள். ஒரு குறிப்பிட்ட சிகிச்சையை யாருக்குத் தருவது என முடிவு செய்ய ஏதேனும் ஓர் இடத்தில் கோடிட்டே ஆக வேண்டும். சரிவான கரையில் படகுத்துறைக்கு ஓரிடத்தைத் தேர்வதுபோல் அது தேர்வு செய்யப்படுகிறது. 11.0 என்பது 11.5 ஆனபோது குழந்தைகளின் உடலில் எந்த மாற்றமும் நேரவில்லை.

களப்பணியாளர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் உடனடிப் பயன் பதிவேட்டைப் பற்றியது. பத்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு குழந்தையின் அளவும் நாட்களும் தனித்தனியே எழுதிப் பாதுகாக்கப்பட்டிருந்தமையே. 'மஞ்சள்' என்று மட்டும் எழுதப்பட்ட பதிவேட்டிலிருந்து படியா சரிவா என்று பிற்காலத்தில் எவரும் அறிய இயலாது, 11.6 என்றும் 12.4 என்றும் எழுதியிருந்தால் அறியலாம். மாதந்தோறும் 12.4, 12.1, 11.8 என்று இறங்கி வரும் குழந்தை மூன்று மாதமும் மஞ்சளிலேயே நிற்கும். நிறம் மாறாததால் எவர் கண்ணிலும் படாது.

எண்ணை எழுதுவதிலும் ஒரு பழக்கம் கவனிக்கத்தக்கது. அளவுகளை அரை சென்டிமீட்டருக்கும் முழு சென்டிமீட்டருக்கும் தள்ளி எழுதுவது எங்கும் காணப்படுகிறது. எல்லையே 11.5 ஆக இருக்கும்போது, 11.3 முதல் 11.7 வரையுள்ள அளவுகள் யாவும் 11.5 என்று எழுதப்பட்டால் சிகிச்சைக்குரிய குழந்தையும் மஞ்சளில் சேர்ந்துவிடும். நாடாவில் மில்லிமீட்டர்க் கோடுகள் உள்ளன. அவற்றைப் பார்த்து எழுத வேண்டும். அளந்த தேதியையும், குழந்தை ஊரைவிட்டுச் சென்றிருந்தால் கடைசியாகப் பார்த்த தேதியையும் அருகே குறிக்க வேண்டும். 'வரவில்லை' என்று எழுதி விடப்படும் வரியால், உயிருடன் கழிந்த அத்தனை மாதங்களும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.